மேகத்தில் வைத்த கோப்புகளும் கையிலிருந்த பிரதியும்

யாழ்ப்பாணத்து அச்சகங்களில் ஈய எழுத்துக்களைக் கோத்து வாழ்ந்த பழைய அச்சுக்கோப்பாளர்கள், ஒப்புநோக்குநர்கள் பன்னிருவரின் நேர்காணல்களைப் பல ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்து சேர்த்து வந்தேன். என்றாவது ஒருநாள் அவற்றை நூலாக்க வேண்டும் என்பது எண்ணம். ஒலிக்கோப்புகள், அவற்றை எழுத்தாக்கிய குறிப்புகள், புகைப்படங்கள் யாவும் ஒரே கோப்புறையில் இருந்தன. அக்கோப்புறை அலுவலகக் கணனியிலும் வீட்டு மடிக்கணனியிலும் கையடக்கத் தொலைபேசியிலும் ஒரேவிதமாகத் தோன்றும். அலுவலகத்தில் ஒரு வரியைத் திருத்தினால், நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அத்திருத்தம் அங்கே வந்து காத்திருக்கும். மேகச் சேமிப்பகம் என்று சொல்லப்படும் சேவையொன்றின் உபயம் அது. மூன்று இடங்களில் பிரதி இருக்கிறது, இனிக் கவலையில்லை என்றே நம்பியிருந்தேன்.

தேர்தல் காலமொன்றில் அலுவலகக் கணனியின் வன்தட்டு நிரம்பிவிட்டது. இடத்தைக் காலியாக்கித் தருமாறு கேட்டார்கள். வீட்டில்தான் பிரதி இருக்கிறதே என்ற துணிவில் அலுவலகக் கணனியிலிருந்து அக்கோப்புறையை அழித்தேன். தேர்தல் ஆரவாரமெல்லாம் அடங்கி, இரண்டு மாதங்கள் கழித்து வீட்டு மடிக்கணனியில் அதனைத் தேடியபோது அங்கும் இல்லை. தொலைபேசியிலும் இல்லை. சேவை நிறுவனத்துக்கு எழுதினேன். அழிக்கப்பட்ட கோப்புகளை முப்பது நாட்கள் மாத்திரமே வைத்திருப்போம் என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நான் இட்ட கட்டளையை அந்த ஏற்பாடு மூன்று இடங்களிலும் பிழையின்றி நிறைவேற்றியிருந்தது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, எந்தத் தேவைக்காக உருவாக்கப்பட்டது என்று அதன் பின்னரே தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் எங்கே பிழை விட்டேன் என்பது அந்த வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கியது. தங்கள் கோப்புகளை மேகத்தில் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் இங்கே சுருக்கித் தருகின்றேன்.

பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனை

பெரும்பாலானோர் எண்ணுவதுபோல இது நேற்றைய கண்டுபிடிப்பு அன்று. 1961 ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழுவினர், ஒரே கணனியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்து பயன்படுத்தும் முறையொன்றைச் செய்து காட்டினர். கணனிகள் அறையளவு பெரிதாக இருந்த காலம் அது. ஒருவர் எந்த முனையத்தில் அமர்ந்தாலும் அவருடைய கோப்புகள் நடுவிலுள்ள அந்தப் பெரிய கணனியில் அவருக்காகக் காத்திருக்கும். தொலைபேசியைப் போலக் கணனி வசதியும் ஒருநாள் பொதுச் சேவையாக வழங்கப்படலாம் என்று ஜோன் மக்கார்த்தி என்ற அறிஞர் அதே ஆண்டில் அங்கு உரையாற்றியபோது எடுத்துரைத்தார்.

1980களில் தனியாள் கணனிகள் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கணனி; ஒவ்வொரு கணனிக்குள்ளும் சிறைப்பட்ட கோப்புகள். இந்தச் சிறையை உடைக்க முயன்றவர்களுள் முக்கியமானவர்கள், பிட்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர். ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் அவர்கள் மேற்கொண்ட திட்டத்துக்கு, பல்கலைக்கழகத்தின் புரவலர்களான அன்ட்ரூ கார்னகி, அன்ட்ரூ மெலன் இருவரின் நினைவாக 'அன்ட்ரூ' என்றே பெயரிட்டனர். வளாகத்தின் எந்த மூலையில் உள்ள கணனியில் ஒரு மாணவர் அமர்ந்தாலும் அவருடைய கோப்புகள் அங்கே தோன்றவேண்டும் என்பது நோக்கம்.

அத்திட்டத்தின் கோப்பு முறைமையை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று கார்னகி மெலனில் கலாநிதிப் பட்டம் பெற்ற மகாதேவ் சத்தியநாராயணன். அவர்கள் கண்ட வழி எளிமையானது. நடுவில் ஒரு வழங்கி. ஒரு கோப்பைத் திறக்கும்போது அதன் பிரதியொன்று பயனரின் கணனிக்கு வந்துசேரும். அவர் திருத்தி மூடியதும் புதிய வடிவம் வழங்கிக்குத் திரும்பும். வேறொருவர் அதே கோப்பை மாற்றிவிட்டால், 'உம்மிடமுள்ள பிரதி பழையதாகிவிட்டது' என்று வழங்கியே அறிவித்துவிடும். இன்று நமது தொலைபேசிகளில் நடப்பதன் அடிப்படை ஏறக்குறைய இதுவேயாகும்.

வழங்கியோடு தொடர்பு அறுந்துவிட்டால் என்ன செய்வது? 1987 இல் சத்தியநாராயணன் தொடங்கிய 'கோடா' என்ற அடுத்த திட்டம் இக்கேள்விக்கு விடை தேடியது. தேவைப்படக்கூடிய கோப்புகளை முன்கூட்டியே மடிக்கணனியில் சேர்த்துவைத்து, தொடர்பற்ற வேளையிலும் வேலை செய்து, மீண்டும் தொடர்பு கிடைத்ததும் இரு பக்கத்து மாற்றங்களையும் இணைப்பது அதன் வழி. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. மின்சாரமும் இணையமும் போன பின்னர், மடிக்கணனியின் மின்கலத்தில் எஞ்சியிருந்த உயிரைக்கொண்டு நாம் செய்தி எழுதி முடித்ததும், மின்சாரம் வந்ததும் அது தானாகவே அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் இந்த யோசனையின் பயனே.

மூன்றாவது அடிக்கல் அவுஸ்திரேலியாவில் இடப்பட்டது. கன்பராவிலுள்ள தேசிய பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ டிரிட்ஜெல், போல் மக்கெராஸ் ஆகியோர் 1996 இல் 'ஆர்சிங்க்' என்ற மென்பொருளை வெளியிட்டனர். நூறு பக்கக் கட்டுரையில் ஒரு பந்தியைத் திருத்தியதற்காக நூறு பக்கங்களையும் மீண்டும் அனுப்புவானேன் என்பதே அவர்களது கேள்வி. கோப்பைச் சிறு துண்டுகளாக வகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணித்து, அந்த எண்களை மாத்திரம் ஒப்பிட்டால் மாறிய துண்டு எது என்பது தெரிந்துவிடும். அதனை மட்டும் அனுப்பினால் போதும். மெதுவான தொலைபேசி இணைப்புகளின் காலத்தில் இது பெரிய வரப்பிரசாதமாக அமைந்தது.

நெகிழ்வட்டிலிருந்து மின்னஞ்சல் வரை

மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இவ்வாறு சிந்தித்துக்கொண்டிருந்தபோது நமது செய்தி அறைகளில் என்ன நடந்தது? 1990களில் பிரதேச நிருபர்களின் செய்திகள் தொலைநகலில் வந்தன. தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டன. சில வேளைகளில் பஸ் நடத்துநரின் கையில் கடித உறையாக வந்தன. கணனிகள் வந்த பின்னர் கட்டுரைகள் நெகிழ்வட்டுகளில் வரத் தொடங்கின. ஒரு நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்று தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. வட்டு பழுதில்லாமல் வந்தாலும், எழுதியவர் பயன்படுத்திய பாமினி எழுத்துரு நமது கணனியில் இல்லாவிட்டால் திரையில் தோன்றுவது தமிழாக இராது, ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகவே இருக்கும்.

பின்னர் இறுவட்டு வந்தது. 2000 ஆம் ஆண்டளவில் சந்தைக்கு வந்த பென்டிரைவ் சில ஆண்டுகளில் எல்லோருடைய சட்டைப்பையிலும் இடம்பிடித்தது. ஒரு கணனியிலிருந்த வைரஸ் அதன் வழியாக அலுவலகம் முழுவதும் பரவியதை அக்காலத்தில் வேலை செய்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004 ஏப்ரல் முதலாந் திகதி கூகிள் நிறுவனம் ஒரு கிகாபைட் இடவசதியுடன் ஜிமெயிலை அறிமுகப்படுத்தியபோது புதியதொரு பழக்கம் தோன்றியது. நமக்கு நாமே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டோம். ஒரே கட்டுரை 'கடைசி', 'கடைசித் திருத்தம்', 'உண்மையான கடைசி' என்று பல பெயர்களில் பெருகியது. எது சரியான வடிவம் என்ற குழப்பத்தில் பழைய வடிவமே அச்சேறிய அனுபவம் எனக்கும் உண்டு.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சிகள் இடையிடையே நடந்துதான் வந்தன. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 95 இல் 'பிரீஃப்கேஸ்' என்றொரு வசதியை வைத்தது. மேசைக் கணனிக்கும் மடிக்கணனிக்கும் இடையே கோப்புகளை ஒத்திசைக்க அது உதவியது. ஆனால் ஒவ்வொரு முறையும் பயனரே நினைவில் வைத்துச் செய்யவேண்டும். அப்பிள் நிறுவனம் 2000 ஜனவரியில் 'ஐடிஸ்க்' என்ற பெயரில் 20 மெகாபைட் இணையச் சேமிப்பிடத்தை இலவசமாக வழங்கி, 2002 இல் அதனைக் கட்டணச் சேவையாக மாற்றிக்கொண்டது.

பஸ்ஸில் கைகொடுக்காத பென்டிரைவ்

2006 இல் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, அமேசன் நிறுவனம் மார்ச் 14 ஆம் திகதி 'எஸ்3' என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 15 அமெரிக்கச் சதம் என்று விலை குறித்து, எவரும் வாடகைக்கு எடுக்கலாம் என்றது. சொந்தமாக வழங்கிகளை வாங்க வசதியற்ற இளைஞர்களும் சேமிப்புச் சேவை நடத்தலாம் என்ற நிலை அதனால் உருவாயிற்று.

இரண்டாவது, ட்ரூ ஹூஸ்டன் என்ற எம்.ஐ.டி. பட்டதாரி பொஸ்டனிலிருந்து நியூயோர்க்குக்கு பஸ்ஸில் புறப்பட்டார். வழியில் வேலை செய்ய எண்ணியிருந்தவர், பென்டிரைவை வீட்டில் மறந்துவிட்டதை பஸ்ஸில் ஏறிய பிறகே உணர்ந்தார். அந்த எரிச்சலில், பயணத்தின்போதே ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கியதாக அவர் கூறியிருக்கின்றார். அதுவே 'டிரொப்பொக்ஸ்'. அரஷ் ஃபெர்டோவ்சி என்ற மாணவரோடு சேர்ந்து 2007 இல் நிறுவனத்தைத் தொடங்கி, 2008 செப்ரெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். தொடக்கத்தில் இலவசமாகக் கிடைத்தது 2 கிகாபைட்.

இதன் உள்ளமைப்பில் முற்றிலும் புதியது என்று எதுவும் இல்லை. நடுவில் ஒரு வழங்கி, பயனரின் கணனியில் ஒரு பிரதி, மாறிய துண்டை மாத்திரம் அனுப்புதல் என்ற மூன்றும் பிட்ஸ்பேர்க்கிலும் கன்பராவிலும் முன்னரே கண்டறியப்பட்டவை. கோப்பை 4 மெகாபைட் துண்டுகளாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் கைரேகை எண் கணித்தார்கள். அந்தத் துண்டுகளை அமேசனிடம் வாடகைக்கு எடுத்த இடத்தில் வைத்தார்கள். புதுமை வேறிடத்தில் இருந்தது. பயனர் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்ற நிலையை அவர்கள் உருவாக்கினார்கள். கணனியில் வழக்கமான கோப்புறைபோல ஒன்று தெரியும். அதில் போட்டால் போதும். மீதியைப் பயனர் அறியவேண்டியதில்லை.

2009 இறுதியில் அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் இவ்விருவரையும் அழைத்து நிறுவனத்தை வாங்க விருப்பம் தெரிவித்தார். அவர்கள் மறுத்தபோது, இது ஒரு தனிப் பண்டமாக நிலைக்காது, வேறு பண்டங்களின் ஓர் அம்சமாகவே அமையும் என்ற கருத்தை அவர் முன்வைத்ததாகக் கூறப்படுகின்றது. அவர் கூற்றில் பாதி பலித்தது. 2011 ஒக்டோபரில் அப்பிளின் ஐகிளவுட் வந்தது. 2012 ஏப்ரல் 24 இல் கூகிள் டிரைவ் வந்தது. 2007 முதல் ஸ்கைடிரைவ் என்று இயங்கிய மைக்ரோசொப்டின் சேவை, பிரித்தானியத் தொலைக்காட்சி நிறுவனமொன்று தொடுத்த வர்த்தகக் குறி வழக்கின் விளைவாக 2014 இல் ஒன்டிரைவ் எனப் பெயர் மாறியது. மேகச் சேமிப்பு எல்லாத் தொலைபேசிகளிலும் ஓர் அம்சமாயிற்று. டிரொப்பொக்ஸும் அழிந்துவிடவில்லை, 2018 இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

'மேகம்' என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைபேசிப் பொறியியலாளர்கள் தமது வரைபடங்களில், உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டத் தேவையில்லாத பகுதியை மேக வடிவத்தில் வரைந்து விடுவது வழக்கம். பெயர் அங்கிருந்துதான் வந்தது. உண்மையில் நமது கோப்புகள் எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டப்பட்ட கட்டடத்தில், மின்சாரத்தில் இயங்கும் வன்தட்டுகளில் கிடக்கின்றன. பெயர் அதனை மறக்கச் செய்துவிட்டது.

பாடபேதம் என்ற பழைய சிக்கல்

ஒரே கோப்பை இருவர் வெவ்வேறு கணனிகளில் ஒரே நேரத்தில் திருத்தினால் எது நிலைக்கும்? கோடா திட்டத்தினரை மிகவும் அலைக்கழித்த கேள்வி இது. டிரொப்பொக்ஸ் கண்ட தீர்வு அடக்கமானது. தான் நீதி சொல்லாமல், இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரில் 'முரண்பட்ட பிரதி' என்று குறித்துவிடும். தீர்மானிப்பது மனிதரின் பொறுப்பு.

இதனைப் படித்தபோது எனக்குச் சி. வை. தாமோதரம்பிள்ளை நினைவுக்கு வந்தார். சிறுப்பிட்டியில் பிறந்து தமிழகம் சென்ற அவர், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கப் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டினார். 1887 இல் கலித்தொகையை அச்சிட்டார். ஓலைச்சுவடி நெடுநாள் நிலைப்பதன்று. செல்லரிக்குமுன் எவராவது அதனைப் பார்த்து மற்றோர் ஓலையில் எழுதினால்தான் நூல் பிழைக்கும். எழுதும்போது பிழைகளும் நேரும். ஆகவே ஒரே நூலின் ஏடுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. அதைத்தான் பாடபேதம் என்றார்கள். பதிப்பாசிரியர்களுக்கு அது பெருந் தலைவலி. ஆயினும் மாறுபட்ட ஏடுகள் வெவ்வேறு வீடுகளில் கிடந்தமையால்தான் ஓரிடத்தில் சிதைந்த வரியை மற்றோரிடத்து ஏட்டிலிருந்து மீட்க முடிந்தது.

என் பிழை எங்கே இருந்தது என்பதை இந்த ஒப்பீடு எனக்கு உணர்த்தியது. என்னிடம் இருந்தவை மூன்று ஏடுகள் அல்ல. ஒரே ஏட்டை மூன்று சாளரங்கள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்திசைவின் கடமை எல்லா இடங்களையும் ஒரே நிலையில் வைத்திருப்பது. திருத்தத்தை அது எவ்வளவு விசுவாசமாகப் பரப்புகிறதோ, அழிப்பையும் அவ்வளவு விசுவாசமாகப் பரப்பும். காப்புப் பிரதியின் கடமை இதற்கு நேர்மாறானது. மூலம் அழிந்தாலும் அது அசையாமல் இருக்கவேண்டும்.

பெரியவர்களும் செய்த பிழை

நான் மட்டுமா ஏமாந்தேன் என்று பார்த்தால் துணைக்குப் பெரிய கூட்டமே இருக்கிறது. 1998 இல் 'டொய் ஸ்டோரி 2' திரைப்படம் தயாராகிக்கொண்டிருந்தபோது பிக்ஸார் நிறுவனத்தில் எவரோ தவறுதலாக இட்ட கட்டளையால் படத்தின் பெரும்பகுதிக் கோப்புகள் அழிந்தன. காப்பு நாடாக்களைத் தேடிப் போனால், அவை ஒரு மாதமளவில் ஒழுங்காகப் பதிவாகவேயில்லை என்பது தெரியவந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்த தொழில்நுட்ப இயக்குநர் ஒருவரின் வீட்டுக் கணனியில் இருந்த பிரதியே படத்தைக் காப்பாற்றியது.

2012 ஜனவரி 19 இல் அமெரிக்க அதிகாரிகள் மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தைப் பதிப்புரிமை மீறலுக்காக முடக்கினர். அங்கே சட்டப்படியான சொந்தக் கோப்புகளை வைத்திருந்தவர்களும் அவற்றை இழந்தனர். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்துப் பிழைத்த ஒருவர் தமது கோப்புகளுக்காக நீதிமன்றப் படியேறி நெடுங்காலம் காத்திருந்தார். 2021 மார்ச் 10 இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையமொன்று தீப்பற்றி எரிந்தது. காப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

நமது நாட்டுக் கதை இன்னும் வேதனையானது. 2023 ஓகஸ்ட் 26 இல் 'லங்கா அரச மேகம்' என்ற அரசாங்கக் கணனி ஏற்பாட்டைக் கப்பம் கோரும் தீய மென்பொருளொன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்கள் பயன்படுத்திய ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்கப்பட முடியாமல் அழிந்தன. இணைப்பில் இருந்த காப்புப் பிரதிகளையும் அந்த மென்பொருள் பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை. நாடு கடனில் மூழ்கி, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புப் பற்றி முடிவெடுக்கப்பட்ட மாதங்கள் அவை. அக்காலத்து நிர்வாகத்தை நாளை ஆராயப்போகும் வரலாற்று மாணவருக்கு அந்த மின்னஞ்சல்கள் கிடைக்கப்போவதில்லை.

தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் தென்கொரியாவும் தப்பவில்லை. 2025 செப்ரெம்பர் 26 இல் டேஜொன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலத்திலிருந்து பரவிய தீயினால், அரச ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்ற மேகச் சேமிப்பகத்தின் 858 டெராபைட் தரவுகள் அழிந்தன. அளவு மிகப் பெரிது என்பதால் வேறிடத்தில் காப்பு வைக்கப்படவில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது.

பகிர்தலின் பயனும் பயமும்

இவ்வளவையும் படித்துவிட்டு மேகமே வேண்டாம் என்று வாசகர்கள் முடிவு செய்துவிடக் கூடாது. எமது தொழிலுக்கு அது செய்த உதவி பெரிது. 2016 ஏப்ரலில் வெளியான பனாமா ஆவணங்கள் ஒரு கோடியே 15 இலட்சம் கோப்புகளைக் கொண்டவை, அளவு 2.6 டெராபைட். ஏறக்குறைய 80 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பத்திரிகையாளர்கள் பாதுகாக்கப்பட்ட பொதுத் தளமொன்றில் அவற்றைத் தேடி, படித்து, தமது கண்டுபிடிப்புகளைப் பகிர்ந்துகொண்டனர். பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து இதனைச் செய்திருக்க முடியாது.

பயமும் இருக்கத்தான் வேண்டும். 2011 ஜூன் மாதத்தில் ஒருநாள், மென்பொருள் பிழையொன்றினால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் டிரொப்பொக்ஸ் கணக்குகள் திறந்துகொண்டன. அதே சேவையிலிருந்து 2012 இல் திருடப்பட்ட விபரங்கள் 6 கோடி 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளைச் சார்ந்தவை என்பது 2016 இல்தான் வெளியில் தெரிந்தது. பெரும்பாலான சேவைகளில் பூட்டின் சாவி நிறுவனத்திடமும் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு வந்தால் அந்நிறுவனம் திறந்து காட்டவேண்டியிருக்கும். நம்மை நம்பித் தகவல் தந்தவரின் பெயரும் குரலும் அடங்கிய கோப்பை, நமது கையில் மாத்திரம் சாவியுள்ள மறைகுறியாக்கம் செய்யாமல் மேகத்தில் ஏற்றக்கூடாது. இந்நாட்டில் பத்திரிகையாளராக இருந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

பல பிரதிகள், பல இடங்கள்

1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் நடந்த வன்முறையில் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் மறுபிரதியற்ற ஏடுகளும் சாம்பலாயின. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. நான் அப்போது பள்ளி மாணவன். கொளுத்தியவர்களின் குற்றத்தை எதுவும் குறைத்துவிடாது. ஆயினும் வேறொரு பிரதி வேறோர் ஊரில் இருந்த நூல்கள் மீண்டும் வந்தன. இல்லாதவை வரவேயில்லை என்பதும் உண்மை.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தினர் 1999 இல் தொடங்கிய 'லொக்ஸ்' என்ற திட்டம் இக்கருத்தையே தன் பெயராகக் கொண்டது. பல பிரதிகள் இருந்தால் பொருள் பாதுகாப்பாக இருக்கும் என்பதே அப்பெயரின் விரிவு. வெவ்வேறு நூலகங்கள் தத்தம் பிரதியை வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சிதைந்ததைச் சரிசெய்து கொள்ளும். நம்மவர்கள் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகமும், ஈழத்து நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் திரட்டி, உலகில் எவரும் தரவிறக்கி வைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறது. தரவிறக்கும் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே ஒரு காவலராகிறார்.

புகைப்படக் கலைஞர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். இப்போது நானும் அதனைப் பின்பற்றுகின்றேன். வேலை செய்யும் கோப்புறை மேகத்தில் ஒத்திசைந்துகொண்டிருக்கும். மாதத்தில் ஒருநாள் அதனை வெளி வன்தட்டொன்றில் பதிந்து, இணைப்பைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுவேன். இன்னொரு வன்தட்டு மட்டக்களப்பில் தங்கை வீட்டில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை அங்கு போகும்போது புதுப்பித்துவிட்டு வருவேன். பதிந்தால் மட்டும் போதாது, திறந்தும் பார்க்கவேண்டும் என்பது பிக்ஸார் கதை கற்றுத் தந்த பாடம்.

அந்தப் பன்னிரண்டு நேர்காணல்களில் ஏழு பின்னர் கிடைத்தன. எழுத்தாக்க உதவிய இளம் நண்பர் அவற்றை இறுவட்டில் பதிந்து தமது மேசை இலாச்சியில் போட்டு மறந்திருந்தார். ஒத்திசைவு எட்டாத இலாச்சி அது. மீதி ஐவரில் மூவர் அதற்குள் காலமாகிவிட்டனர். நாலாமவர் நோயுற்றுப் பேச்சிழந்திருந்தார். எஞ்சிய ஒருவரைத் தேடி வடமராட்சிக்குப் போனேன். வயது எண்பத்தேழு. ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுத்ததும், "உதெல்லாம் முந்தியே சொல்லிப்போட்டன் தானே தம்பி" என்றார். நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தொடங்கினார். முன்னர் இரண்டு மணி நேரம் விரித்துச் சொன்னதை இம்முறை அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டார். தம்முடன் எழுத்துக் கோத்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வந்தவர், ஆறாவது பெயருடன் நின்றுவிட்டார். மீதிப் பெயர்கள் அவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அன்றிரவே அந்த அரை மணி நேரப் பதிவை மூன்று இடங்களில் பதிந்து, மூன்றையும் திறந்து கேட்டுப் பார்த்தேன்.